ஓட்டைகளை ஒட்டியவர்

அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் ஓட்டைகளைப் பார்த்துவிட்டார்.

எல்லோரையும் அவர் அப்படித்தான் அறிந்திருந்தார். முகம் கடைசியில்தான் வரும். வராமலும் போகும். நான்கு நாள் எங்களோடு வெயிலில் கிடந்த ஏட்டு ஒருவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, "இன்னா பாய், சௌக்கியமா?" என்று கேட்டால் யாரோ என்று விழிப்பார். அதே ஏட்டு, தான் துப்பாக்கியால் சுட்ட தாளைக் கையில் கொடுத்தால் போதும். "அட, நம்ம மூச்சுக்காரரு!" என்று முகம் விரியும். மூச்சை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் சுடுகிறவனின் குண்டுகள் தாளின் மேலிருந்து கீழ்வரை ஒன்றன்கீழ் ஒன்றாக, கிணற்றுக்குள் இறங்கும் படிகளைப் போல விழும் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒருநாளும் துப்பாக்கியைத் தொட்டிராத மனிதர்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்களும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். ஊரில் நூறு பாய்மார் இருந்தார்கள். எங்கள் துப்பாக்கி ரேஞ்சில் ஒரே ஒருவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். ஒல்லி. தேரடிப் பக்கத்துச் சந்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற கடை வைத்திருந்தார். போலீஸ்காரர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் வாரங்களில் மட்டும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சைக்கிள் கேரியரில் மைதாப் பசைச் சட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார், பூச்சி அரிக்காமலிருக்க. அதனால் அவருடைய விரல் நகங்கள் எப்போதும் லேசாக நீலம் பாய்ந்திருக்கும்.

மரச்சட்டம். சட்டத்தில் கோணி. கோணியின் மேல் தாள். தாளின் நடுவில் கறுப்பு வட்டம். சட்டங்களுக்குக் கீழே ஆள் ஆழத்தில் ஒரு குழி. நாங்கள் சுடும்போது அவர் குழிக்குள் உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே குண்டுகள் போகும். சுட்டு முடிந்து சிவப்புக் கொடி ஏறியதும் எழுந்து வந்து ஓட்டைகளை ஒட்டுவார். வெள்ளையில் விழுந்ததற்கு வெள்ளைத் துண்டு, கறுப்பில் விழுந்ததற்குக் கறுப்புத் துண்டு. ஒட்டி முடித்துவிட்டால் யாரும் சுடாத தாள் போல ஆகிவிடும். அடுத்தவன் வந்து சுடலாம். அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். பிரஷ் ஒரு கையில், துண்டுத் தாள் மறுகையில். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். உதடு மட்டும் அசையும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் சுற்றி வளர்ந்த புல்.

ஒருமுறை அவர் கடைக்குப் போயிருந்தேன். மேசை மேல் தடிமனான ஒரு பழைய உரைநூல் கிடந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொடுத்திருந்தது. பாய் அதை எடுத்து, பக்கங்களின் ஓரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க சார். இதுவரைக்கும் அழுக்கு. கட்டைவிரல் பட்டுப் பட்டு. இதுக்கு அப்பால பளபளன்னு வெள்ளையா கெடக்குது. நாப்பது பக்கத்துக்கு மேல சாரு போகவே இல்ல."

"ஊரெல்லாம் கரைச்சுக் குடிச்சேன்னு சொல்லிட்டுத் திரியறாரே!"

"சொல்லட்டுமே."

"நீங்க கேக்கலியா?"

"எதுக்கு சார்? அட்டை போடத்தான குடுத்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்த பிறகு, பையிலிருந்த என் டைரியை எடுத்து அதன் ஓரத்தைப் பார்த்தேன். நானும் ஒன்றை அவரிடம் கொடுத்தால் என்ன சொல்வாரோ என்று ஒரு கூச்சம். மனிதர்கள் விட்டுச்சென்ற தடத்திலிருந்து மனிதனை எழுப்பிவிடுகிற ஆள் பக்கத்தில் இருந்தால் நடக்கவே கால் கூசும்.

அது எழுபதுகளின் பின்பாதி. இன்று கலெக்டர் ஆபீஸும் புது வீடுகளுமாக நெருக்கிக்கொண்டு நிற்கிற வேங்கிக்கால் பக்கம், அன்று ஏரிக்கரையும் சீமைக்கருவேலமும்தான். அதற்கும் தள்ளி எங்கள் ரேஞ்ச். கிழக்கே நின்றுகொண்டு மேற்கே பார்த்துச் சுட வேண்டும். காலை வெயில் முதுகில் விழும், டார்கெட் பளிச்சென்று தெரியும், அதற்காக அப்படி அமைத்திருந்தார்கள். டார்கெட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. மண்மேட்டுக்குப் பின்னால் கருவேலம். கருவேலத்துக்குப் பின்னால், தூரத்தில், பாதி வானத்தை எடுத்துக்கொண்டு மலை.

எங்கள் ஊரில் மலை என்று சொன்னால் போதும். எந்த மலை என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன்.

எனக்கு வயது இருபத்தைந்து. புதிதாக வந்த எஸ்.ஐ. தகுதிகாண் காலம் முடியவில்லை. ரிவால்வர் பரீட்சையில் இருபத்தைந்து கஜத்தில் பன்னிரண்டு குண்டு; எட்டு வட்டத்துக்குள் விழ வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தவறினால் உன்னை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுத மாட்டேன் என்று எங்கள் இன்ஸ்பெக்டர் நேரிடையாகச் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர். மில் மூடி வேலை போயிருந்த என் அப்பா, தினமும் விடிவதற்குள் என் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைப்பார். சட்டைக்குள் நான் இல்லாதபோதும் அதை ஒரு ஆளைப் போலச் சுற்றிக்கொண்டு நடப்பார். பரீட்சை பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

முதல் பரீட்சையில் நான்கு. மீதி எட்டும் கீழே.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பரீட்சை நாளில் மட்டும் ஆளுக்கொரு புதுத் தாள்; மார்க் போட்ட பிறகு அதையும் ஓட்டை ஒட்டிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் எட்டுப் பேர், எட்டுச் சட்டம், பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவனவனுக்கு அவனவன் நம்பர் சட்டம். சுட்டு முடித்ததும் தாள்களைக் கழற்றி மேசைமேல் அடுக்கிக் கல் வைத்திருந்தார்கள். மார்க்கைச் சீட்டில் குறித்துக்கொண்ட கான்ஸ்டபிள், தாளில் பெயர் எழுதாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பதினொரு மணிக்கு ஒரு சூறைக்காற்று. கல் உருண்டது. எட்டுத் தாளும் கருவேல முள்ளில் போய்க் குத்திக்கொண்டு படபடத்தன. பொறுக்கி வந்தால் எது யாருடையது என்று தெரியவில்லை.

"எல்லாரும் மறுபடி சுட வேண்டியதுதான்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "தோட்டாவுக்கு எவன் பதில் சொல்றது?"

"குடுங்க சார், நான் பாக்கறேன்," என்று பின்னாலிருந்து குரல்.

பாய் எட்டுத் தாளையும் தரையில் விரித்து மூலைக்கு ஒரு கல் வைத்தார். குந்தி உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிடம். பிறகு நீல நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"இது மூணாம் நம்பரு. டிரிக்கரை அமுக்கல சார், சுண்டறாரு. கீழ, இடது கைப் பக்கமா இழுத்துட்டுப் போயிருக்குது. இது எட்டு. இவருக்கு விரல் நுனி மட்டுந்தான் படுது, அது தள்ளுது. எல்லாம் இடது, ஆனா ஒரே மட்டம். இது ஒண்ணு. வெடிக்கறதுக்கு முந்தியே உள்ளங்கையால முட்டுக் குடுக்கறாரு, மேல ஏறிடுச்சு. இது அஞ்சு. நல்லா சுடறவருதான். ஆனா சுட்டதும் எங்க விழுந்துச்சுன்னு தலையைத் தூக்கிப் பாக்கற ஆசை. குண்டு வெளிய வர்றதுக்குள்ள தலை தூக்கிடுச்சு."

ஐந்தாம் நம்பர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசித் தாள் என்னுடையது. அதன்மேல் விரல் நின்றது.

"இது ஆறு. ஊர்க்கார சாரு."

அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நான் இந்த ஊருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கீழ கெடக்குதே சார்," என்றார். அவ்வளவுதான். பசைச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கான்ஸ்டபிளின் சட்டைப் பையிலிருந்த மார்க் சீட்டோடு ஒப்பிட்டார்கள். எட்டும் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் சீட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுவாரம் யாருக்கும் தெரியாமல் தானே ஆறு குண்டு சுட்டு, அந்தத் தாளைக் கொண்டுவந்து, "இது யாருது, சொல்லு பாக்கலாம்," என்று நீட்டினார்.

பாய் பார்த்தார். "தெரியல சார். புது ஆளு. அஞ்சு அருமை. அஞ்சாவது சுட்டதுமே ஜெயிச்சுட்டோம்னு வீட்டுக்குப் பொறப்பட்டுட்டாரு. ஆறாவது தெருவுல போவுது."

இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து "யோவ் பாய்" போய் "வாங்க பாய்" ஆனது. ஒன்று மட்டும் அவருக்குப் பொறுக்காது. பாய் பிரஷ்ஷை உதறும்போதெல்லாம் கிழக்கே, எங்கள் பக்கமாகத் திரும்பித்தான் உதறுவார். டார்கெட்டருகே மார்க் பார்க்க வந்து நிற்கும் இன்ஸ்பெக்டரின் பளபளக்கும் பூட்ஸில் பசைத்துளி விழும். "அந்தப் பக்கம் அம்மாம் பெரிய காடு கெடக்குது, அங்க உதறக்கூடாதா?" என்று கத்துவார். பாய் சிரிப்பார். அடுத்த முறையும் எங்கள் பக்கம்தான் திரும்புவார்.

இரண்டாவது பரீட்சையில் ஐந்து. மீதி ஏழும் கீழே. இரண்டு குண்டுகள் தாளையே தொடாமல் மண்ணைக் கிளப்பின.

மூன்றாம் நம்பர்க்காரர் திருநெல்வேலிப் பக்கம். என்னோடு சேர்ந்த எஸ்.ஐ. வாய் சும்மா இருக்காது. "என்னவே, மண்ணுக்கு உரம் வைக்கீரா? நாத்து எப்ப நடப் போறீரு?" என்றார். அவர் சுண்டிச் சுண்டியே எப்படியோ எட்டைத் தொட்டுத் தப்பித்திருந்தார். அன்று சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு பென்சிலைக் குத்துனா குண்டு ஓட்டை மாதிரிதாம்வே இருக்கும். தாளுகிட்ட முதல்ல போறது யாரு? அந்தப் பாய்தானே?" என்றார்.

எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது. நான் போனேன். கடையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்து எதையோ பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். என் அப்பா இஸ்திரி போடுவதைக்கூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"குத்திடலாம் சார். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆனா அது உங்க ஓட்டை இல்லன்னு எனக்குத் தெரியுமே. அதுக்கு மேல நான் எப்படி சார் துண்டு ஒட்டுவேன்?"

அவர் ஒட்டுகிற துண்டு ஒவ்வொன்றும் ஒரு சாட்சிக் கையெழுத்து என்று அன்றுதான் புரிந்தது. தெருவில் இறங்கி நடந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

மூன்றாவது பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. பயிற்சி. பழைய தோட்டாக்கள், பெட்டியில் கிடந்து கிடந்து சில நமத்துப் போயிருந்தன. ஆறாம் நம்பர் சட்டத்துக்கு எதிரே நின்று ரிவால்வரை நீட்டினேன். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதற்கு விசையை அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்கவில்லை.

வெடித்திருந்தால் துப்பாக்கி உதறி மேலே எழுந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வெடிக்காததால் எல்லோரும் பார்த்தார்கள். என் கையிலிருந்த ரிவால்வரின் மூக்கு மெதுவாக, மரியாதையாக, ஒரு சாண் கீழே தாழ்ந்தது.

"அங்க பாருங்கவே!" என்று திருநெல்வேலிக்காரர் துள்ளினார். "துப்பாக்கி கும்புடுது! ஆறாம் நம்பர் துப்பாக்கி கும்புடுது!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. கான்ஸ்டபிள்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு குழிவரை போயிருக்க வேண்டும். கொடி ஏறியதும் பாய் மேலே வந்து, "இன்னா சிரிப்பு?" என்று கேட்டார். திருநெல்வேலிக்காரர் கையை நீட்டி, மூக்கைத் தாழ்த்தி, நடித்துக் காட்டினார்.

பாய் சிரிக்கவில்லை. பசைச் சட்டியைக் கீழே வைத்தார். குழியைத் தாண்டி, இருபத்தைந்து கஜத்தையும் நடந்து, நான் நின்ற இடத்துக்கு வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்றார். எட்டு வருடமாக அந்த ரேஞ்சில் வேலை செய்கிறவர்; சுடுகிறவன் நிற்கிற இடத்திலிருந்து டார்கெட்டை அவர் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குழியிலிருந்து பார்த்தால் தாளும் ஓட்டையும்தான். இங்கிருந்து பார்த்தால் தாள், தாளுக்கு மேலே மண்மேடு, அதற்கும் மேலே…

நெடுநேரம் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அன்று நான்கைந்து நிமிடமாக நீண்டது.

"அப்டித்தான் சார்," என்றார். "கும்பிடுதுதான்."

"என்ன பாய் சொல்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுண்டறவருக்குக் கீழ இடதுல விழும். ஆனா சில பேருக்கு நேரா கீழ விழும், நூல் புடிச்ச மாதிரி. அவங்கல்லாம் நம்ம ஊருக்காரங்கன்னு எனக்குத் தெரியும். எட்டு வருஷமா பாக்கறேன். ஏன்னு மட்டும் தெரியாம இருந்துச்சு." கையை உயர்த்தி மலையைக் காட்டப் போனவர், பாதியில் கையை மடக்கிக்கொண்டார். "அதுக்கு நேரா நீட்ட மனசு வர்ல சார். சாருக்குத் தெரியல. கைக்குத் தெரியுது. வெடிக்கற நேரத்துல கை தாழ்ந்துடுது."

காற்றில் கொடி மட்டும் அடித்துக்கொண்டது.

நான் மலையைப் பார்த்தேன். அதை நோக்கிக் காலை நீட்டிப் படுத்ததில்லை. அந்தத் திசையில் எச்சில் துப்பியதில்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த ஞாபகமே இல்லை. பேச வருவதற்கு முன்பே உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஒன்று, அரசாங்கத் துப்பாக்கியின் விசையில் வந்து விரலைப் பிடித்திருக்கிறது. என் கையை எனக்கு அறிமுகப்படுத்த இன்னொருவர் வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்தார். மலையடிவாரத்து அடி அண்ணாமலை ஊர்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடித்த காலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது டிக். துப்பாக்கி நேராகத் தாழ்ந்தது. திருநெல்வேலிக்காரரிடம் அதே போலக் கொடுத்தார். டிக். துப்பாக்கி இடதுபக்கம் வெட்டி இழுத்தது.

"அப்ப எனக்கும் மலை உண்டுமா பாய்?" என்றார் அவர், அசடு வழிய.

"உங்களுக்கு மலை இல்ல சார். அவசரம்."

இந்தமுறை நானும் சிரித்தேன்.

"டார்கெட்டுக்கு மேல கோணியைக் கட்டி மறைச்சிடலாமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மறைச்சா ஜாஸ்தி ஞாபகம் வரும் சார்."

மத்தியானம், வேப்பமர நிழல். இன்ஸ்பெக்டர் என் ரிவால்வரைத் திறந்து, ஆறு துளையும் காலி என்று விரல்விட்டுப் பார்த்து, என்னிடம் கொடுத்தார். பாய் என் எதிரே உட்கார்ந்தார். தொடவில்லை. கிட்டப் போய் மூக்கை நீட்டி, குழாயின் நுனியில் நிமிர்ந்து நிற்கிற சின்னத் தகட்டைப் பார்த்தார். குறி பார்ப்பதற்கான முள்.

"இது எதுக்கு?"

"பின்னாடி இருக்கற பள்ளத்துக்கு நடுவுல இந்த முள்ளு தெரியணும். அதுக்கு மேல டார்கெட்டு."

"நீங்க எதைப் பாப்பீங்க?"

"டார்கெட்டைத்தான்."

"அதான்," என்றார். "ஊசி கோக்கறப்ப நான் காதைத்தான் பாப்பேன். எதிர்ல சுவரு இருக்கும், காலண்டர் இருக்கும், எல்லாம் கலங்கிப்போய்க் கெடக்கும். கண்ணு ஒரு சமயத்துல ஒண்ணைத்தான சார் பாக்கும்? நீங்க முள்ளைப் பாருங்க. முள்ளு மட்டும் சுத்தமா தெரியட்டும். டார்கெட்டு கலங்கட்டும். அது கலங்குனா மலையும் கலங்கிடும். அங்கதான் இருக்கும். ஆனா நீங்க அதைப் பாக்கல."

சற்று யோசித்தார். தானே ஒரு சந்தேகத்தைக் கேட்பது போல மெல்லச் சொன்னார்: "அப்புறம் இந்த டிரிக்கரு. தாள் தைக்கறப்ப ஊசியைக் குத்துனா கிழியும். அமுக்கிகிட்டே இருந்தா, எப்ப அந்தப் பக்கம் போச்சுன்னு நமக்கே தெரியாது. இதுவும் அப்டித்தான இருக்கணும்? நான் தொட்டதில்ல சார். கேக்கறேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தான்யா எங்க வாத்தியாரு ஆறு மாசம் கத்தினாரு," என்றார் மெதுவாக.

தாமரைப் பூப் போட்ட பித்தளை இருபது காசு ஒன்றைப் பாய் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முள்ளுக்குப் பின்னால், குழாயின் முதுகில் அதை வைத்துக்கொண்டு விசையை அழுத்த வேண்டும். காசு விழக் கூடாது. முதல் நாள் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. வேப்பங்கொட்டைகளுக்கு நடுவே தேடித் தேடி எடுத்தேன். இரண்டாம் நாள் நான்கில் ஒன்று நின்றது. பிடியை நான் கழுத்தை நெரிப்பது போல இறுக்குகிறேன் என்று கண்டுபிடித்தார், என் கட்டைவிரல் வெளுத்திருப்பதைப் பார்த்து. "சின்னக் குழந்தை கையைப் புடிச்சுத் தெரு தாண்டுவீங்கல்ல, அம்மாம் போதும்," என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் பத்து முறை அழுத்தினேன். பத்து முறையும் தாமரை அசையவில்லை.

பரீட்சை. அன்று காலையும் அப்பா சட்டையை விரித்து வைத்திருந்தார். காலரை நீவிவிட்டு, "இன்னிக்கு இன்னா விசேஷம், மூஞ்சி இப்படி இருக்குது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆறாம் நம்பர். குழிக்குள் பாய் இருக்கிறார் என்பது தெரியும், தலைகூடத் தெரியாது. ரிவால்வரை நீட்டினேன். மலை வந்து நின்றது. எப்போதையும்விடப் பெரிதாக, ஈரமான நீலத்தில், ஒவ்வொரு மடிப்பும் தெரிய. என் கை கனத்தது. முள் என்று சொல்லிக்கொண்டேன். முள். சின்னத் தகடு, அதன் மேல்விளிம்பில் தேய்ந்துபோன ஒரு கீறல். அந்தக் கீறலைப் பிடித்தேன். அதற்கு அப்பால் வட்டம் கரைந்து ஒரு கறுப்புக் கறையானது. மண்மேடு போனது. பிறகு மலை, அத்தனை பெரிய மலை, கண்ணீருக்குள் தெரிவது போலத் தளும்பி, வெறும் நீலமாகிப் பின்வாங்கியது. கோபித்துக்கொண்டு போகவில்லை. வழிவிட்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அழுத்திக்கொண்டே இருந்தேன். எப்போது வெடித்தது என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு முறை.

கொடி ஏறியது. பாய் எழுந்து வந்து ஆறாம் நம்பர் தாளின் முன் நின்றார். பிரஷ் ஒரு கையில். தலை சாய்ந்தது. உதடு அசைந்தது. என் அப்பாவின் இஸ்திரிச் சட்டைக்குள் நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

தாளைக் கழற்றி, பசைச் சட்டியும் கையுமாக வந்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். கறுப்பு வட்டத்துக்குள் பத்து. ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். இரண்டு மட்டும் கீழே, நேராக, நூல் பிடித்தது போல.

"ரெண்டு மலைக்குப் போயிடுச்சு," என்றார் பாய். "போவட்டும் சார்."

இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். திருநெல்வேலிக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்து, "நாத்து நட்டாச்சுவே!" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரிவால்வரைத் திறந்து காலி செய்து, இன்ஸ்பெக்டரிடம் காட்டி, "பாய் ஒருதரம் புடிச்சுப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் ஆறு துளையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஐயோ, எனக்கெதுக்கு சார்," என்றார் பாய். ஆனால் கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

வாங்கினார். பிடி, நிற்கிற கோணம், விரல் வைத்த இடம், எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. எட்டு வருடம் மற்றவர்களின் பிழைகளைப் படித்துப் படித்து, பிழை இல்லாத ஒரு ஆளை அவர் மனதுக்குள் கட்டி வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் இப்போது எழுந்து நின்றான். மேற்கே நீட்டினார். நான் அவருடைய பித்தளைக் காசையே எடுத்து முள்ளுக்குப் பின்னால் வைத்தேன். நாங்கள் எட்டுப் பேரும் இன்ஸ்பெக்டரும் வட்டமாக நின்று பார்த்தோம்.

மெல்ல, மிக மெல்ல அழுத்தினார்.

டிக்.

துப்பாக்கியின் மூக்கு நேராகக் கீழே தாழ்ந்தது. காசு முன்பக்கமாக வழுக்கி மண்ணில் விழுந்தது.

திருநெல்வேலிக்காரர்கூடச் சிரிக்கவில்லை. பாய் கீழே கிடந்த காசைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டத்தில் கண்டுகொண்டது போல அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"நானும் ஊர்க்காரன்தான சார்," என்றார்.

ரிவால்வரை என்னிடம் கொடுத்தார். காசை எடுத்து ஊதி மடியில் வைத்தார். சட்டியிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, எப்போதும் போல மலையிலிருந்து விலகி, அதை உதற எங்கள் பக்கமாகத் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லாமல் பூட்ஸ் காலை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.